மரச்சட்டக வேலைக்கு எந்த நெயிலர், எந்த ஆணி?

ஏஜாக்ஸ்_கொட்டகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒன்ராறியோவில் ஏஜாக்ஸ் நகரில் வசிக்கிறேன். வீட்டின் பின்வளவில் 12 அடி அகலமும் 20 அடி நீளமும் கொண்ட ஒரு மரவேலைக் கொட்டகையைக் கட்டுவதற்கு நகரசபையில் பெர்மிட் எடுத்துவிட்டேன். 15 சதுர மீட்டருக்கு உட்பட்ட தனிக் கொட்டகையென்றால் பெர்மிட் இல்லாமலே கட்டியிருக்கலாம். என்னுடையது 22 சதுர மீட்டரைத் தாண்டுகிறது. கொங்கிறீட் தளம் போட்டாயிற்று. சுவர்களுக்கு 2×4 ஸ்டட் (செங்குத்தாக நிற்கும் சட்ட மரம்), 16 அங்குல இடைவெளி. வெளிப்புறத்துக்கு 7/16 அங்குல ஓஎஸ்பி பலகை, அதாவது மரச்செதில்களை ஒட்டி அழுத்திய பலகை. கூரைக்கு 2×6 ராஃப்டர் (கூரையைத் தாங்கும் சாய்வு மரம்). ஸ்டட்டுகளின் மேலும் கீழும் கிடையாக வரும் பிளேட் மரங்களில், தளத்தின்மேல் படுக்கும் அடிப் பிளேட் மட்டும் பிரஷர் ட்ரீட்டட், அதாவது உக்காமலிருக்க மருந்தேற்றிய மரம். கொட்டகை முடிந்ததும் அதே கருவியைக் கொண்டு பேஸ்மென்டில் இரண்டு அறைகளுக்குச் சுவர் எழுப்பவும் எண்ணியிருக்கிறேன்.

சுத்தியல் எனக்குப் பழக்கமானதுதான். ஆனாலும் வேலை நேரம் போக மீதி நேரத்தில் தனியாளாக இவ்வளவையும் கையால் அடித்து முடிப்பதற்குத் தோள் இடங்கொடாது என்பதால், ஒரு ஃபிரேமிங் நெயிலர், அதாவது சட்டகத்துக்கு ஆணியடிக்கும் துப்பாக்கி, வாங்கத் தீர்மானித்திருக்கிறேன். கடைக்குப் போனபோதுதான் குழப்பம் தொடங்கியது. ஆணிக் கோர்வை சாய்ந்திருக்கும் கோணத்தைக் கொண்டு 21 பாகை, 28 பாகை, 30 முதல் 34 பாகை என்று கருவிகள் வெவ்வேறாக இருக்கின்றன. ஆணிப் பெட்டிகளில் 3 அங்குலம், 3¼ அங்குலம், 3½ அங்குலம் என்று நீளமும், 0.120, 0.131, 0.148 அங்குலம் என்று தடிப்பும் மாறி மாறி வருகின்றன. வரைபடத்திலோ ‘ஆணியடிப்பு கட்டட விதிப்படி’ என்ற ஒரே ஒரு வரிதான் உள்ளது. கடையில் நின்றவர் 3¼ அங்குல ஆணி ஒன்றே எல்லாவற்றுக்கும் காணும் என்றார். அது சரியா? காற்றில் இயங்குவதை வாங்குவதா, பேட்டரியில் இயங்குவதை வாங்குவதா? இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்போது பிரச்சினை வராத வகையில் எதை வாங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

சட்டகத்தச்சர் எழுதியது:

வணக்கம் தம்பி. கடைக்குப் போகும் பெரும்பாலோர் முதலில் துப்பாக்கியைத் தெரிவு செய்துவிட்டு, பிறகு அதற்குப் பொருந்தும் ஆணியைத் தேடுகிறார்கள். நீங்கள் அதை மாற்றிச் செய்யுங்கள். உங்கள் கொட்டகையின் ஒவ்வொரு இணைப்பிலும் எந்த நீளத்தில், எந்தத் தடிப்பில், எத்தனை ஆணி விழ வேண்டும் என்பதை முதலில் தாளில் எழுதிக்கொண்டால், எந்தக் கருவி வேண்டும் என்பதைத் தீர்மானிக்க அதிக நேரம் ஆகாது. சுவரைப் பிடித்து வைத்திருப்பது ஆணிதான். கருவி அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவே.

‘விதிப்படி’ என்று வரைபடம் சொல்வது கட்டட விதியின் 9ஆம் பகுதியில் உள்ள ஆணி அட்டவணையை. அதன் எண் 9.23.3.4. தேசிய விதியிலும் ஒன்ராறியோ விதியிலும் எண் அதுவே. ஸ்டட்டைப் பிளேட்டுடன் சேர்க்கும்போது, பிளேட்டின் ஊடாக ஸ்டட்டின் முனைக்குள் நேராக அடித்தால் 82 மில்லிமீட்டர் ஆணி இரண்டு, பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் 63 மில்லிமீட்டர் ஆணி நான்கு. மேல் பிளேட் இரண்டையும் ஒன்றோடொன்று பிணைக்க 76 மில்லிமீட்டர் ஆணி, 600 மில்லிமீட்டர் இடைவெளியில். கதவு, ஜன்னல் ஓரங்களில் இரட்டையாக நிற்கும் ஸ்டட்டுகளுக்கும் 76 மில்லிமீட்டர் ஆணிதான். அங்கே இடைவெளி 750. ராஃப்டரைச் சுவர்ப் பிளேட்டில் சாய்த்தடிக்க 82 மில்லிமீட்டர் மூன்று. 82 என்பது 3¼ அங்குலம், 76 என்பது 3 அங்குலம், 63 என்பது 2½ அங்குலம். ஆக, கடைக்காரர் சொன்ன ஒற்றை ஆணி உங்கள் வேலையில் பாதியைத்தான் முடிக்கும்.

அடுத்ததைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். அட்டவணையில் உள்ள எண்ணிக்கை சுத்தியலால் அடிக்கும் சாதாரண ஆணிக்கோ முறுக்கு ஆணிக்கோ உரியது. நெயிலருக்கென்று கோர்த்து விற்கும் ஆணிகள் பெரும்பாலும் அவற்றைவிட மெல்லியவை. நீளம் ஒன்றாக இருந்தாலும் தண்டு மெலிந்தால் மரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கும் பலம் குறையும். இதை ஈடுகட்ட விதியே ஒரு கணக்கைத் தருகிறது. கேட்கப்பட்ட தடிப்பை உங்கள் ஆணியின் தடிப்பால் வகுத்து, வருவதை அதனாலேயே பெருக்கி, அந்த விடையால் ஆணிகளின் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும். தொடராக அடிக்கும் இடங்களில் அதே விகிதத்தில் இடைவெளியைக் குறைக்க வேண்டும். கேட்கப்பட்ட தடிப்பு 3.66 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் இருப்பது 0.120 ஆணி, அதாவது 3.05 மில்லிமீட்டர். கணக்கு 1.44 என்று வரும். இரண்டு ஆணி கேட்ட இடத்தில் 2.88, அதாவது மூன்று அடிக்க வேண்டும். 600 மில்லிமீட்டர் இடைவெளி ஏறத்தாழ 416 ஆகச் சுருங்கும். 0.131 ஆணி 3.33 மில்லிமீட்டர், அதற்கும் இரண்டுக்குப் பதில் மூன்றுதான் வரும், ஆனால் இடைவெளி 497 வரை போகலாம். அமெரிக்காவின் வீட்டுக் கட்டட விதியும் இதே போக்கில்தான் செல்கிறது: ஸ்டட்டின் முனைக்குள் 0.162 தடிப்புள்ள 3½ அங்குலச் சாதாரண ஆணி என்றால் இரண்டு, 0.131 தடிப்புள்ள 3 அங்குல ஆணி என்றால் மூன்று.

ஆகவே பெட்டியில் ‘16 பென்னி’ என்று பழைய ஆணி அளவுப் பெயர் போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். 16 பென்னி சாதாரண ஆணி 3½ அங்குல நீளமும் 0.162 தடிப்பும் கொண்டது. அதே பெயரில் வரும் பெட்டி ஆணிக்கு 0.135 தான் தடிப்பு. சிங்கர் எனப்படும் பூச்சு ஆணியோ 3¼ அங்குலமும் 0.148 தடிப்பும் உடையது. மூன்றும் 16 பென்னிதான், ஆனால் மூன்றின் பலமும் ஒன்றல்ல. நீளத்தையும் தடிப்பையும் எண்ணாகப் பார்த்து வாங்குங்கள். சட்டகத்தை மூடுவதற்கு முன் நடக்கும் பரிசோதனை முடியும்வரை பெட்டியின் முகப்பை வெட்டி வைத்திருங்கள். என்ன ஆணி என்று இன்ஸ்பெக்டர் கேட்டால் அதைக் காட்டுவதைவிடச் சுருக்கமான பதில் இல்லை.

உங்கள் வேலைக்கு என் தெரிவு இது. சட்டகத்துக்கு 0.131 தடிப்பில் 3¼ அங்குல ஆணி ஒரு பெட்டி, அதே தடிப்பில் 3 அங்குல ஆணி ஒரு பெட்டி. இரண்டு நீளமும் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. 2×4 என்பது பெயரளவுதான், உண்மைத் தடிப்பு 1½ அங்குலம்; அப்படி இரண்டு ஸ்டட்டுகளை முகத்தோடு முகம் சேர்த்தால் மொத்தத் தடிப்பு 3 அங்குலம். அதில் 3¼ ஆணியை நேராக அடித்தால் மறுபுறம் கால் அங்குலக் கூர்முனை நீட்டிக்கொண்டு நிற்கும். கை உரசினால் கிழித்துவிடும், ஓஎஸ்பி பலகையும் சமமாக உட்காராது. அந்த இடத்தில் 3 அங்குல ஆணியைச் சற்றே சாய்த்து அடித்தால் முனை மரத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

ஓஎஸ்பி பலகைக்கு 0.113 தடிப்பில் 2⅜ அங்குல ஆணி போதும். தண்டில் வளைய வளையமாக வரிகள் உள்ள வளையத் தண்டு ஆணி என்றால் இன்னும் நல்லது, பிடி தளராது. பலகையின் ஓரங்களில் 150 மில்லிமீட்டருக்கு ஒன்று, நடுவில் வரும் ஸ்டட்டுகளில் 300 மில்லிமீட்டருக்கு ஒன்று. வளைய ஆணியை ஸ்டட் இணைப்புகளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு ஸ்டட்டை நகர்த்த வேண்டி வந்தால் மரம் பிளந்துதான் ஆணி வெளிவரும்.

இப்போது பாகைக்கு வருகிறேன். 21 பாகைக் கருவி பிளாஸ்டிக்கில் கோர்த்த, முழு வட்டத் தலையுள்ள ஆணியை எடுக்கும். தலை முழுமையாக இருப்பதால் எந்த நகரசபையும் கேள்வி கேட்காது. ஆனால் அடிக்கும்போது பிளாஸ்டிக் துண்டுகள் தெறிக்கும். 28 பாகை கம்பியால் ஒட்டிய கோர்வை. ஈரத்துக்கு அசையாது, சிறு கம்பித் துண்டுகள் தெறிக்கும். 30 முதல் 34 பாகை வரை காகிதக் கோர்வை. ஒரு கோர்வையில் அதிக ஆணி பிடிக்கும், குப்பை இல்லை, கருவி ஸ்டட்டுகளுக்கு இடையிலான 14½ அங்குல இடத்தில் இலகுவாகத் திரும்பும். ஆனால் மழையில் நனைந்தால் காகிதம் ஊறிவிடும். காகிதக் கோர்வையில் ஒருபக்கம் வெட்டிய தலையுள்ள ஆணியும் வரும், தண்டிலிருந்து சற்று விலகி அமைந்த முழுத் தலையுள்ள ஆணியும் வரும். சூறாவளி அடிக்கும் பகுதிகள் சிலவற்றில் வெட்டிய தலையை ஏற்பதில்லை. விலை வித்தியாசம் பெரிதில்லை என்பதால் எந்தக் கருவியானாலும் முழுத் தலையையே வாங்குங்கள். தனியாகக் கட்டுகிறவருக்கு 21 அல்லது 30 பாகை, இரண்டில் எதுவும் பொருந்தும். உங்கள் ஊர்க் கடைகளில் மேலே சொன்ன மூன்று அளவு ஆணியும் எந்தப் பாகைக்குத் தடையின்றிக் கிடைக்கின்றன என்று பார்த்து முடிவெடுங்கள்.

அடிப் பிளேட்டைப் பற்றி ஒன்று. வீட்டுப் பாவனைக்கான மரத்தில் ஆர்செனிக் கலந்த மருந்தைப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டு முடிவோடு நின்று, செம்பு மிகுந்த மருந்துகள் அதன் இடத்துக்கு வந்தன. அந்தச் செம்பு சாதாரண இரும்பு ஆணியை அரித்துவிடும். மின்முலாம் பூசிய பளபளப்பான ஆணியும் தாங்காது. உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த ஆணி, அல்லது துருப்பிடிக்காத எஃகு ஆணிதான் வேண்டும். பிளேட்டும் ஸ்டட்டும் சேரும் ஒவ்வோர் இடத்திலும் ஆணி அந்த மரத்தின் ஊடாகவே போகிறது என்பதை மறவாதீர்கள். அதற்கென்று 3¼ அங்குலத்தில் தோய்த்த ஆணி சிறு பெட்டி ஒன்று தனியாக வாங்குங்கள். பேஸ்மென்டில் பிளேட்டைக் கொங்கிறீட்டில் பதிப்பதற்கு ஃபிரேமிங் நெயிலர் உதவாது. கொங்கிறீட் திருகாணி வேண்டும்.

கம்பிரசர்_வான் எழுதியது:

மேலே எழுதிய அண்ணா ஆணியைப் பற்றி வேண்டியதெல்லாம் சொல்லிவிட்டார். காற்றா பேட்டரியா என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டையும் வேலைக்குக் கொண்டுபோகிறேன்.

காற்றுக் கருவி எளிமையானது, எடை குறைந்தது, சுமார் மூன்றரைக் கிலோவுக்குள் இருக்கும். பெரும்பாலானவை 70 முதல் 120 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) வரை அழுத்தத்தில் வேலை செய்யும். 6 கலன் தட்டைக் கம்பிரசர் ஒன்று, 90 பிஎஸ்ஐயில் நிமிடத்துக்கு 2½ கன அடி அளவு காற்றைத் தருமென்றால், ஒருவர் நிதானமாக அடிப்பதற்குத் தாராளமாகக் காணும். குழாயை மட்டும் மலிவாக வாங்க வேண்டாம். கால் அங்குல உள்விட்டமுள்ள நீண்ட குழாயில் கருவியை அடையும்போது அழுத்தம் விழுந்துவிடும். ஆணி பாதியில் நிற்கும், கருவியைக் குறை சொல்வோம். ⅜ அங்குலக் குழாய் எடுங்கள். தினமும் வேலை தொடங்கும்போது காற்று வாயிலில் சில துளி கருவி எண்ணெய், முடிந்ததும் தொட்டியின் அடியிலுள்ள வடிகாலைத் திறந்து நீரை வெளியேற்றுவது, இவ்விரண்டும் தவறக்கூடாது. இங்குள்ள குளிரில் அந்த நீர் குழாய்க்குள் உறைந்தால் நெயிலர் மூச்சுவிடாது.

பேட்டரிக் கருவியில் மூன்று வகை உண்டு. பாஸ்லோட் நிறுவனம் பழைய காலத்திலிருந்து செய்துவரும் வகையில் சிறு எரிவாயுக் குப்பியும் பேட்டரியும் சேர்ந்து இயங்கும். கடுங்குளிரில் குப்பியைச் சட்டைப்பைக்குள் வைத்துச் சூடு காக்க வேண்டியிருக்கும், அடிக்கடி உள்ளே துப்புரவு செய்யவும் வேண்டும். டிவால்ட்டின் பேட்டரி நெயிலரில் சுழலும் சக்கரம் ஆணியை அடிக்கிறது. மில்வாக்கி, மெட்டாபோ எச்பிடி போன்றவற்றில் அடைத்து வைத்த வாயு சுருள்வில்லாக வேலை செய்கிறது. அடி காற்றுக் கருவியின் அடியைப் போலவே உறுதியாக இருக்கும். குழாயை இழுத்துக்கொண்டு ஏணியில் ஏற வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. ஆனால் எடை நாலரைக் கிலோவைத் தொடும், விலையும் காற்றுக் கருவியைவிட அதிகம். தலைக்கு மேலே கையைத் தூக்கி ராஃப்டரைச் சாய்த்தடிக்கும்போது அந்த ஒரு கிலோ வித்தியாசம் மணிக்கட்டில் தெரியும்.

ஒரு கொட்டகையும் இரண்டு அறையும்தான் வேலையென்றால் காற்றுக் கருவியை வாங்குங்கள். பிறகு டயருக்குக் காற்றடிக்கவும், வேலிக்கு வண்ணம் தெளிக்கவும் கம்பிரசர் பயன்படும். ஏற்கெனவே ஏதாவது நிறுவனத்தின் பேட்டரிகள் வீட்டில் இருந்தால் மட்டும் மற்றதை யோசிக்கலாம்.

மார்க்கம்_செவிலி எழுதியது:

நான் தச்சு வேலை செய்பவள் அல்ல. அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகிறேன். என் கணவர் வீட்டில் இக்கருவியைப் பயன்படுத்துவதால் இந்த உரையாடலை வாசித்தேன். விசையைப் பற்றி இதுவரை எவரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஃபிரேமிங் நெயிலரில் இரண்டு பாதுகாப்பு அங்கங்கள் உள்ளன: மரத்தில் அழுத்தினால் உள்ளே போகும் மூக்கு, விரலால் இழுக்கும் விசை. முழு வரிசை முறையில், மூக்கை அழுத்திய பிறகு விசையை இழுத்தால்தான் ஓர் ஆணி பாயும். அடுத்த ஆணிக்கு இரண்டையும் விட்டுவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். தொடுமுறையில், விசையை இழுத்துப் பிடித்தபடி மூக்கை மரத்தில் தட்டத் தட்ட ஆணி பாய்ந்துகொண்டே இருக்கும். கருவி பின்னடித்துத் துள்ளி மீண்டும் மூக்கு எதிலாவது பட்டால், நினைக்காத இரண்டாவது ஆணி பாயும். அந்த இடத்தில் கை இருக்கலாம், தொடை இருக்கலாம். பயிற்சித் தச்சர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள், தொடுமுறையில் காயம் ஏற்படும் ஆபத்து வரிசை முறையைப்போல் இரு மடங்கு என்று காட்டின. அந்நாட்டின் தொழிற்பாதுகாப்பு நிறுவனங்களான ஓஷாவும் நயோஷும் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி முழு வரிசை விசையையே பரிந்துரைக்கிறது. நெயிலர் காயத்தோடு அங்கு ஆண்டுக்குச் சுமார் 37,000 பேர் அவசரப் பிரிவுகளுக்கு வந்தார்கள் என்று ஒரு கணிப்பு உண்டு. அவர்களில் தொழிலாளர் மட்டுமல்ல, வீட்டில் வேலை செய்தவர்களும் கணிசமானோர்.

எங்களிடம் வருபவற்றில் அதிகம் பிடிக்கும் கையில், விரல்களில் ஏறிய ஆணிகளே. ஆணி மரத்தின் முடிச்சில் பட்டால், அல்லது இழையோட்டத்தைப் பின்பற்றி வளைந்தால், பக்கவாட்டில் வெளியே வந்துவிடும். அதனால் மரத்தைப் பிடிக்கும் கை ஆணி இறங்கும் இடத்திலிருந்து குறைந்தது 12 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். சிறு துண்டைப் பிடிக்க இடமில்லையென்றால் கிளாம்ப் போடுங்கள். கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம். சிக்கிய ஆணியை எடுக்கும் முன் குழாயைக் கழற்றுங்கள், அல்லது பேட்டரியை எடுத்துவிடுங்கள். எவருக்காவது ஆணி ஏறிவிட்டால், அதை நீங்களே பிடுங்க முற்படாமல் அப்படியே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்; எலும்பு, தசைநாண், மூட்டு எதைத் தொட்டிருக்கிறது என்று எக்ஸ்ரே பார்த்த பிறகுதான் எடுக்க வேண்டும். கருவி வாங்கும்போதே வரிசை விசை கூட வருகிறதா என்று கேட்டு, அதைப் பூட்டிய பின் வேலையைத் தொடங்குங்கள் தம்பி.

ஏஜாக்ஸ்_கொட்டகை எழுதியது:

மூவருக்கும் நன்றி. 21 பாகையில் காற்றுக் கருவியும் 6 கலன் கம்பிரசரும் வாங்கிவிட்டேன். வரிசை விசையையும் பூட்டியாயிற்று. அக்காவின் குறிப்பை அச்சிட்டுக் கொட்டகை வாசலில் ஒட்டப்போகிறேன். இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. வெட்டி எறிந்த ஓஎஸ்பி துண்டில் சோதித்துப் பார்த்தபோது சில ஆணிகளின் தலை பலகைக்குள் புதைந்துவிடுகிறது. இது பரவாயில்லையா? இன்னொன்று, ராஃப்டர்களைப் பிளேட்டோடு பிணைக்க வரைபடத்தில் ஹரிக்கேன் டை என்ற உலோகப் பட்டை காட்டப்பட்டுள்ளது. அதற்கும் இதே நெயிலரைப் பயன்படுத்தலாமா?

சட்டகத்தச்சர் எழுதியது:

நல்ல வேளையாகச் சுவரில் அடிக்கும் முன்பே கேட்டீர்கள். ஓஎஸ்பி பலகையில் தலை மேற்பரப்போடு சமமாக நிற்க வேண்டும். விரலால் தடவினால் தலை தட்டுப்படலாம், குழி தட்டுப்படக்கூடாது. தலை புதைந்த இடத்தை உற்றுப் பாருங்கள்: பலகையின் மேல்முகச் செதில்கள் வட்டமாக அறுபட்டு, ஓரத்தில் பிசிறு நிற்கும். 7/16 அங்குலப் பலகையில் ⅛ அங்குலம் புதைந்தால் கால்வாசிக்கு மேல் தடிப்பு போய்விட்டது; மீதி இருப்பதுதான் பலகையைப் பிடிக்கிறது. காற்று தள்ளும்போது சுவர் சாயாமல் நிற்பதற்குக் காரணமே அந்தப் பலகையும் அதன் ஓர ஆணிகளும்தான். பலகைத் தொழிலின் அமைப்பான ஏபிஏ, ஓர ஆணிகளில் 20 விழுக்காட்டுக்கு மேல் புதைந்திருந்தால், அல்லது ஏதாவது ஒன்று ⅛ அங்குலத்துக்கும் அதிகமாகப் புதைந்திருந்தால், புதைந்த இரண்டு ஆணிக்கு ஒன்று என்ற கணக்கில் புதிய ஆணி சேர்க்கச் சொல்கிறது.

இதைத் தவிர்க்க, கம்பிரசரில் அழுத்தத்தை ஆணி முழுதாக இறங்கும் அளவுக்கு மட்டும் வைத்து, மிச்சத்தை மூக்கருகே உள்ள ஆழச் சக்கரத்தால் சரிசெய்யுங்கள். 3¼ ஆணிக்கு வைத்த அமைப்பு 2⅜ ஆணிக்குப் பொருந்தாது. ஆணி மாற்றும் ஒவ்வொரு முறையும், பலகைத் துண்டைத் தனியே தரையில் போட்டு அடிக்காமல், அடியில் ஒரு ஸ்டட் துண்டை வைத்துச் சோதியுங்கள். கதவுக்கு மேல் ஒட்டுப் பலகை உத்தரம் வந்தால் அது ஸ்புரூஸ் மரத்தைவிடக் கடினம்; அங்கே ஆணித் தலை வெளியே நிற்கும். அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகாமல், நின்ற தலைகளைச் சுத்தியலால் ஓரடி அடித்து இறக்கிவிடுங்கள்.

ராஃப்டரைச் சாய்த்தடிப்பதற்கு மூக்கின் பற்கள் மரத்தில் நன்றாகப் பதிந்த பிறகு, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில், மரத்தின் விளிம்பிலிருந்து ஆணி நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே தொடங்குங்கள். கீழே தொடங்கினால் விளிம்பு பிளக்கும். மேலே போனால் பிளேட்டில் பிடி குறையும்.

உலோகப் பட்டைக்கு இந்த நெயிலர் வேண்டாம். ஆணி துளைக்குள்ளேயே விழ வேண்டும், ஆனால் சாதாரண நெயிலரின் மூக்கு துளையைக் காணாது. ஆணி தகட்டில் பட்டுத் தெறிக்கும், அல்லது துளையல்லாத இடத்தைக் கிழித்துக்கொண்டு போகும். ஆணியின் முனையையே துளைக்குள் வைத்து அடிக்கும் மூக்குள்ள தனி நெயிலர்கள் இருக்கின்றன. ஒரு கொட்டகைக்காக அதை வாங்க வேண்டியதில்லை. பட்டையைச் செய்த நிறுவனம் தன் தாளில் ஆணியின் நீளத்தையும் தடிப்பையும் எண்ணிக்கையையும் குறித்திருக்கும். அதற்குக் குறைவாக எதையும் போடாதீர்கள், உலர்சுவர்த் திருகாணியை அறவே போடாதீர்கள், அது வளையாமல் ஒடிந்துவிடும். 20 அடி நீளத்துக்கு 16 அங்குல இடைவெளியில் இரு பக்கமும் முப்பது பட்டைக்கு மேல் வரும். ஒன்றுக்குப் பத்து ஆணி என்றாலும் முந்நூறு சொச்சம். சுத்தியலால் அடிக்கக்கூடிய அளவுதான். தோளுக்குச் சிரமமாக இருந்தால், உள்ளங்கையில் அடங்கும் பாம் நெயிலர் ஒன்றை வார இறுதிக்கு வாடகைக்கு எடுங்கள். உங்கள் கம்பிரசரிலேயே அது ஓடும். ஆணியை நீங்களே துளையில் வைத்து அழுத்த, அது தட்டித் தட்டி இறக்கிவிடும்.